இரண்டு கட்டை ஏற்றிய குரல்

குழாய் ஸ்பீக்கருக்குக் கனத்த குரல் ஆகாது. தென்னை மரத்தின் உச்சியில் கட்டிவிட்டால் அடுத்த ஊர் வரைக்கும் கேட்கும், ஆனால் போய்ச் சேருவது மேல்குரல் மட்டும்தான். அடிக்குரலைக் குழாய் பாதி வழியிலேயே விழுங்கிவிடும். இதை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு சவுண்ட் சர்வீஸில் சேர்ந்து, மரத்துக்கு மரம் ஏறிக் குழாய் கட்டியதில் தெரிந்துகொண்டது. இந்த ஓர் அறிவை வைத்துக்கொண்டுதான் ஒரு பெண்ணின் குரலில் கை வைத்தேன்.

அதற்கு முன்னால் பல வேலைகள் பார்த்திருக்கிறேன். போர்வெல் வண்டியில் ராய்ச்சூர் பக்கம் எட்டு மாதம், ஓசூரில் கிரானைட் பாலிஷ், பெங்களூரில் ஒரு பேக்கரி. எங்கேயும் ஒரு வருடம் தாண்டியதில்லை. சண்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறவன் அல்ல நான். ஒரு நாள் காலையில் எழுந்ததும் இங்கே போதும் என்று தோன்றும், பையை எடுத்துக்கொள்வேன். கடைசியாக பெங்களூரில் பக்திப் பாட்டுகள் பதிவு செய்யும் ஒரு சின்ன ஸ்டுடியோவில் கூட்டிப் பெருக்கி, டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டு இருந்தேன். ஆபரேட்டரின் முதுகுக்குப் பின்னால் நின்றே வேலையைப் படித்தேன். ஸ்டுடியோவை மூடும்போது முதலாளி பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும் ஒரு மைக்கையும் ஹெட்போனையும் கொடுத்து, எடுத்துக்கொண்டு போ என்றார். எல்லாவற்றையும் அரிசிச் சாக்கில் கட்டிக்கொண்டு பாப்பிரெட்டிப்பட்டியில் வந்து இறங்கினேன். அங்கே ஒரு புளி மண்டிக்குக் காவலுக்கு ஆள் வேண்டும் என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொன்னார். அவ்வளவுதான் காரணம்.

மண்டிக்குள் முதல் நாள் நுழைந்து இருமினேன். இருமல் திரும்பி வரவில்லை. கையைத் தட்டிப் பார்த்தேன். அதுவும் வரவில்லை. நாலு சுவரையும் மறைத்து, கூரை தொடும் அளவுக்குப் புளி மூட்டைகள். பெங்களூர் ஸ்டுடியோவில் சுவரெல்லாம் ஸ்பாஞ்ச் ஒட்டியும் இந்த அமைதி கிடைத்ததில்லை. மூலையில் நாலு வரிசை மூட்டையை வளைத்து அடுக்கி, நடுவில் மைக்கை நிறுத்தினேன். மண்டிக்காரர் பார்த்துவிட்டு, "பாடு, ஆடு, என்னமோ பண்ணிக்க. மூட்டையில ஓட்டை வுழாம பாத்துக்க" என்றார்.

என் ஸ்டுடியோவுக்குப் பருவம் உண்டு. மாசியில் புளி உலுக்க ஆரம்பித்தால் சித்திரைக்குள் மண்டி நிரம்பிவிடும். அப்போது சத்தம் துணியில் சுற்றி வைத்த மாதிரி இருக்கும். பிறகு லாரி லாரியாகப் போகும். ஐப்பசிக்கு மேல் வாயைத் திறந்தால் கிணற்றுக்குள் பேசுவது போல எதிரொலிக்கும். அதற்குப் பிறகு பதிவு கிடையாது.

பகலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து புளி தட்டுவார்கள். பழத்தைக் கல்லில் வைத்து, சின்ன இரும்புக் கம்பியால் ஒரு தட்டு தட்டினால் கொட்டை வெளியே வரும். ஒரு நாள் மதியம் மூட்டைகளுக்குப் பின்னால் படுத்திருந்தபோது ஒரு பாட்டு கேட்டது. கம்பித் தட்டுக்குக் கீழே, தரையை ஒட்டி ஊர்ந்து வருகிற மாதிரி ஒரு குரல். எழுந்து வந்து, "யாருங்க பாடினது?" என்றேன்.

பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

"ஆம்பளைங்க யாரும் இல்லீங்க. எல்லாம் எங்க அக்காதான்."

"கஸ்டமர் கேர்ல பேசினா 'சொல்லுங்க சார்'ங்கறான் அக்காவ."

"போன வாரம் ஒருத்தன் 'வீட்டுல லேடீஸ் இருந்தா குடுங்க சார்'னுட்டான்!"

வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்தவர் தலையை நிமிர்த்தவில்லை. நாற்பது வயது இருக்கும். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் கம்பி முன்னைவிட வேகமாகத் தட்டியது.

"இன்னொரு தடவ பாடுங்கக்கா, பதிவு பண்ணிக்கறன்" என்றேன்.

"கிண்டல் பண்ண இவங்க போதும் தம்பி. நீ வேற எதுக்கு?"

நான் கிண்டல் செய்யவில்லை என்று நம்ப அவருக்கு இரண்டு வாரம் ஆனது. அதற்குப் பிறகுதான் சொன்னார். கடத்தூர்ப் பக்கம் அவர்களுடைய ஊரில் மாதா கோயில் பாடற்குழுவில் சின்ன வயதிலிருந்து இருக்கிறார். குழுவை நடத்திய டீச்சர் ஒரு திருவிழாவின்போது அவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "உன் கொரலு எல்லாரோடதையும் கெடுக்குது. நீ வாய மட்டும் அசை" என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கிறார். வரிசையில் நிற்பார், புத்தகத்தைப் பிடிப்பார், சத்தம் வராது. கல்யாணத்துக்குப் பிறகும், பிள்ளைகள் பிறந்த பிறகும் அப்படித்தான்.

"சும்மா நிக்கறதுக்கு எதுக்குக்கா போறீங்க?"

"போவலன்னா ஏன் வரலன்னு கேப்பாங்க இல்ல?"

வேலை ஐந்து மணிக்கு முடியும். அவர்கள் ஊர் மினி பஸ் ஆறரைக்கு. நடுவில் இருந்த ஒன்றரை மணி நேரம்தான் எங்களுடையது. அவரோடு ஒரே ஊரிலிருந்து வரும் தோழி ஒருத்தி வாசலில் மூட்டை மேல் உட்கார்ந்து, ஆட்டையும் பேச்சுக்காரர்களையும் விரட்டுவாள். "உள்ள பாட்டு ஓடுது, அப்பறம் வாங்க" என்று அவள் கத்துவதும் சில பதிவுகளில் இருக்கிறது.

புளி மண்டியில் பாடுவதில் ஒரு தொல்லை. வாசனைக்கு வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். இரண்டு வரிக்கு ஒரு தடவை விழுங்கியாக வேண்டும். மைக்கில் அது கிணற்றில் கல் விழுந்த மாதிரி கேட்கும். பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு விழுங்கலையும் வெட்டுவேன். ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன்.

"அத ஏன் வுட்ட?" என்று கேட்டார்.

"அழுகைய அடக்கின மாதிரி இருக்குக்கா."

"புளிக்கு ஊறுன எச்சிலு அது!"

"கேக்கறவங்களுக்குத் தெரியுமா?"

பாட்டு அவருடையது. அவருடைய வீட்டுக்காரர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வருவார். முதலில் வாராவாரம், பிறகு மாதத்துக்கு ஒரு தடவை, பிறகு எப்போது என்று சொல்ல முடியாது. அதைப் பற்றி அக்கா துண்டு துண்டாக அடிகள் வைத்திருந்தார். எதை எங்கே வைப்பது, எங்கே நிறுத்துவது என்பதுதான் என் வேலை. மேளம் எதுவும் வேண்டாம், கல்லில் கம்பி தட்டும் சத்தமே போதும் என்றேன். எட்டு அடியை நான்காகக் குறைத்தேன். முடிவில் நின்றது இது:

பஸ்ஸு வந்து நின்னுடுச்சு
பத்துப் பேரு எறங்கிட்டாங்க
பாத்துக்கிட்டு நின்னவளுக்குப்
படிக்கட்டு மட்டுந்தான் மிச்சம்

"கடைசியில அவரு வந்துட்டாருன்னு ஒரு அடி வெச்சுக்கலாமா தம்பி?"

"வந்தாராக்கா?"

"இந்த வாரம் வரல."

"அப்ப வேணாம்."

"கல்லுய்யா நீ" என்று சிரித்தார். ஆனால் அந்த அடியை அவரே விட்டுவிட்டார். மறுநாள் வந்து, "நீ சொன்னதுதான் சரி. வந்துட்டாருன்னு பாடினா எனக்கே பொய்யா இருக்கு" என்றார். அதுவரை என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒன்றைச் சரி என்று ஒரு இரவு முழுக்க யோசித்துவிட்டு வந்து சொன்னவர் யாரும் இல்லை.

பதிவு முடிந்ததும் ஹெட்போனை அவர் காதில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்த பிறகும் கழற்றவில்லை.

"இது நானா?"

"நீங்கதான்."

"நல்லாத்தான் இருக்குல்ல?"

"நல்லா இருக்குக்கா."

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "யாராச்சும் கொரல மெலிசாக்குன்னு சொல்லுவாங்க. மிஷினுல எல்லாம் முடியும்னு என் பையன் சொன்னான். பண்ணிடாத தம்பி. ஒரு பாட்டாச்சும் இப்படியே இருக்கட்டும்."

"பண்ண மாட்டன்க்கா" என்றேன். பொய் சொல்லும் எண்ணம் அப்போது இல்லை.

கடத்தூரிலும் அதியமான்கோட்டையிலும் எனக்குத் தெரிந்த சவுண்ட் சர்வீஸ்காரர்களிடம் பாட்டை எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் பக்கம் ஒரு பாட்டு ஊருக்குள் போக வேண்டுமானால் அவர்கள் வழியாகத்தான் போக வேண்டும். ஆடி மாதம் அம்மன் கோயில்களில் காலையிலிருந்து அவர்கள் எதைப் போடுகிறார்களோ அதுதான் ஊர் வாயில் இருக்கும். ஒருவர் பாதியிலேயே நிறுத்தினார். "என்னாப்பா, சாவு வூட்டுப் பாட்டா?" இன்னொருவர் குழாயில் போட்டே காட்டினார். தெருமுனையில் போய் நின்று கேட்டேன். கம்பி தட்டும் சத்தம் மட்டும் டக் டக் என்று வந்தது. அக்காவின் குரல் வரவே இல்லை.

மண்டிக்குத் திரும்பி வந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். குரலின் சுருதியை இரண்டு கட்டை ஏற்றினேன். வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன். கம்பிச் சத்தத்துக்குக் கீழே ஒரு பம்பை அடியைச் சேர்த்தேன். ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. பதினாறு வயசுப் பெண் துள்ளிக்கொண்டு பாடுகிற மாதிரி வந்தது. குழாய்க்குத்தானே, ஊருக்குள் போகட்டும், அப்புறம் அசலைக் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். நான்கு பேருக்குப் போனில் அனுப்பினேன்.

அந்த ஆடியில் அது போகாத ஊர் இல்லை. டீக்கடை, மினி பஸ், கல்யாண வேன், பிள்ளைகள் போனில் போடுகிற ஆட்டம் எல்லாவற்றிலும் அதுதான். வீட்டுக்காரன் வராத பாட்டுக்கு விசில் அடித்து ஆடினார்கள்.

ஒரு சாயங்காலம் அவர் வேகமாக மூட்டைகளுக்கு நடுவில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"தம்பி, நம்ம பாட்ட எவளோ திருடிட்டா."

எனக்குப் புரியவில்லை.

"பஸ்ஸுல போடறான். நம்ம அடிதான், நம்ம வார்த்தைதான். எவளோ சின்னப் பொண்ணு பாடியிருக்கா. கீச்சுக் கீச்சுன்னு. நீ யாருகிட்டயாச்சும் குடுத்தியா?"

தன் குரல் என்று அவருக்குத் தெரியவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் ஐந்து மணியிலிருந்து ஆறரை வரைக்குமான நேரத்தைத் தவிர, ஒரு நாளில் மண்டிக் கதவைப் பூட்டு, திற என்பதைத் தாண்டி என்னிடம் யாரும் பேசுவதில்லை. சொன்னால் அது போய்விடும்.

"விசாரிக்கறன்க்கா" என்றேன்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு தடவையாவது கேட்பார். "தெரிஞ்சுதா, யாருன்னு?" சேலத்துப் பக்கம் என்று சொல்கிறார்கள் என்றேன் ஒரு தடவை. இன்னொரு தடவை ஓசூர் என்றேன். அவர் தோழி வாசலிலிருந்து, "கெடைச்சா சொல்லுங்க, முடியப் புடிச்சு இழுத்துட்டு வரலாம்" என்பாள். அந்த நாட்களில் இரண்டாவது பாட்டையும் பாதி பதிவு செய்தோம். முன்னைவிட நன்றாகப் பாடினார். கோபத்தில் குரல் இன்னும் கீழே இறங்கியது. ஹெட்போனில் அதைக் கேட்டுக்கொண்டே அவர் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆவணியில் கடத்தூர்ப் பக்கம் ஒரு ஊர்த் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் சவுண்ட் சர்வீஸ் மூலம் என்னைக் கண்டுபிடித்தார்கள். பாடினவரை மேடைக்குக் கூட்டி வர வேண்டும் என்றார்கள். இதுவே வழி என்று எனக்குப் பட்டது. அவரை நேரில் பார்த்து, மேடைக்குப் பக்கத்திலிருந்து அசல் குரலைக் கேட்டுவிட்டால் ஜனங்கள் அதையே எடுத்துக்கொள்வார்கள், நான் எதையும் சொல்ல வேண்டியிருக்காது என்று கணக்குப் போட்டேன். பாட்டு யாருடையதோ அவரைக் கூப்பிடுகிறார்கள் என்று மட்டும் அவரிடம் சொன்னேன். அவர் வேறு கணக்குப் போட்டார். "எல்லார் முன்னாடியும் இது யாரு பாட்டுன்னு காட்டிடறன் தம்பி" என்றார். மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு, தோழியோடு வந்தார்.

வெயில் தாழ்ந்த நேரம். மேடைக்கு முன்னால் நல்ல கூட்டம். மரத்துக்கு மரம் குழாய். அவர் மைக்கைப் பிடித்து, கண்ணை மூடி, தன் சுருதியில் ஆரம்பித்தார். மேடைக்கு அருகில் இருந்த நான்கு வரிசைக்குக் கேட்டிருக்கும். அதற்குப் பின்னால் ஒன்றும் போகவில்லை.

"மைக் ஆன் பண்ணுங்கப்பா!"

"யாருய்யா இந்தம்மா? பாட்டுப் பாடுன புள்ள எங்க?"

"ஆம்பளய வெச்சு மிமிக்ரி காட்றாங்கடா டேய்!"

"ஒரிஜினலப் போடு, ஒரிஜினலப் போடு!"

சவுண்ட்காரர் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவர் கூட்டத்தைப் பார்த்தார், பாட்டைப் போட்டுவிட்டார். கூட்டம் எழுந்து ஆடியது. மேடையில் அக்கா மைக்கைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார். யார் அவள் என்று கண்டுபிடிக்கிற மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது வரிக்கும் நான்காவது வரிக்கும் நடுவில் அந்த விழுங்கல் வந்தது. வேகத்தில் அது சின்னதாகச் சுருங்கி இருந்தது, ஆனாலும் இருந்தது. அவர் கை தொண்டைக்குப் போனது. மெதுவாகத் திரும்பி, மேடைப் படியில் நின்ற என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். மைக்கை ஸ்டாண்டில் சரியாகப் பொருத்திவிட்டு இறங்கினார்.

ஷேர் ஆட்டோவுக்குக் கடத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றபோதுதான் பேசினார்.

"நான் திருடியத் தேடிட்டு இருந்தன். நீயும் கூடவே தேடின."

குழாயைப் பற்றிச் சொன்னேன். அடிக்குரல் போகாது, அது உங்கள் தப்பு இல்லை, என் தப்பும் இல்லை, குழாய் அப்படித்தான் என்றெல்லாம் சொன்னேன். எல்லாம் உண்மைதான். அவர் கேட்டு முடித்தார்.

"ஊருக்கே புடிக்காத கொரலு. ஒருத்தனுக்குப் புடிச்சிருக்குன்னு நெனச்சன். உனக்கே பத்தலையே தம்பி."

தோழி அவர் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினாள். என்னைப் பார்த்து, "நீங்க அடுத்ததுல வாங்க" என்றாள்.

அவர் வேலையை விடவில்லை. தினமும் வந்தார், வரிசையின் கடைசியில் உட்கார்ந்து தட்டினார், ஐந்து மணிக்கு எழுந்து மற்றவர்களோடு பஸ் ஸ்டாப்புக்குப் போனார். என்னைப் பார்த்தால் "சாப்டியா?" என்று கேட்பார். அதுதான் தாங்க முடியவில்லை. மற்ற பெண்கள் போனில் அந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டே தட்டினார்கள். அது யாருடைய குரல் என்று அவர் அவர்களிடம் சொல்லவில்லை. மேடையில் நடந்ததை வைத்து அவர்களே தெரிந்துகொண்டு, "அக்கா, நீ இவ்ளோ மெலிசா பாடுவியா!" என்று ஆச்சரியப்பட்டார்கள்.

நான் அசல் பதிவைப் போனில் எல்லோரும் பார்க்கும்படி போட்டேன். கொஞ்சம் பேர் கேட்டார்கள். எவனோ ஒரு ஆள் பெண் பாட்டைக் காப்பி அடித்து இழவு வீட்டுப் பாட்டு ஆக்கியிருக்கிறான் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே சிரிக்கிற பொம்மைகள். இரண்டு நாள் கழித்து எடுத்துவிட்டேன். ஐப்பசியில் மூட்டைகள் போய்விட்டன. நான் இருமினால் மண்டி முழுக்கத் திருப்பி இருமியது. ஒரு காலையில் பையை எடுத்துக்கொண்டேன். வழக்கம்போல இங்கே போதும் என்று தோன்றிக் கிளம்பவில்லை. இன்னும் கொஞ்சம் இருக்கத்தான் தோன்றியது.

அதியமான்கோட்டையில் ஹைவே ஓரம் ஒரு பஞ்சர் கடையில் சில மாதம். பிறகு பழைய வேலைக்கே போனேன், சவுண்ட் சர்வீஸ். போன மே மாதம் ஒரு மாதா கோயில் திருவிழாவுக்குக் குழாய் கட்டச் சொல்லி அனுப்பினார்கள். இறங்கிய பிறகுதான் அது அவர் ஊர் என்று தெரிந்தது. இறங்கியவன் திரும்ப முடியாது. கட்டினேன்.

காலைப் பூசையில் பாடற்குழு முன்னால் வந்து நின்றது. அவர் கடைசி வரிசையில் இல்லை. முதல் வரிசையில், மைக்குக்கு நேராக நின்றார். டீச்சரே அவருக்கு மைக்கின் உயரத்தைச் சரி செய்தார். நான் மிக்ஸருக்குப் பின்னால் இருந்தேன். அடிக்குரலைக் கூட்டும் குமிழில் விரலை வைத்துக்கொண்டேன். இந்தத் தடவை எப்படியாவது கொண்டு போய்ச் சேர்த்துவிடலாம் என்று.

அவர் பாட ஆரம்பித்தார். மேலே. நான் ஏற்றிய அதே இடத்தில், மிஷின் இல்லாமல், வெறும் தொண்டையில். கழுத்து நரம்பு புடைத்தது. மூன்றாவது வரியில் குரல் உடைந்தது, விடாமல் பிடித்து ஏறினார். குழாயில் அருமையாகப் போனது. கோயிலுக்கு வெளியே நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "அந்தப் பாட்டு அக்காதான், அதே கொரலு" என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். குமிழிலிருந்து விரலை எடுத்துக்கொண்டேன்.

பூசை முடிந்து மைக்கை அவரே கொண்டு வந்து கொடுத்தார். தோள்பட்டை வரைக்கும் வியர்வை. பேசும்போது குரல் தேய்ந்து, காற்று மட்டும் வந்தது.

"எப்டி இருக்க தம்பி? எளைச்சுட்டியே."

"இருக்கன்க்கா."

"சரியா பாடினனா? சொல்லு. உனக்குத்தான் தெரியும்."

அவரிடம் ஏற்கெனவே பொய் சொன்ன வாய் இது.

"இல்லக்கா. இது உங்க கொரலு இல்ல. இப்டியே பாடினா தொண்டை போயிடும்."

அவர் கோயில் வாசலைப் பார்த்தார். பாடற்குழுப் பெண்கள் அவருக்காக நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி கையில் அவருக்கென்று டம்ளரில் வெந்நீர்.

"போவட்டும்" என்றார். "வாய அசைச்சுக்கிட்டு நின்னன் இல்ல, அத்தன வருசம்? அதுக்கு இது தேவலாம்."

போய் அவர்களோடு சேர்ந்துகொண்டார். நான் மரத்தில் ஏறி முதல் குழாயின் கட்டை அவிழ்த்தேன். அவருடைய அசல் பாட்டு என் போனில் இருக்கிறது. கேட்கிறீர்களா என்று இதுவரை யாரிடமும் நீட்டவில்லை.